அறுபது குதிரைகள் எங்கே போயின?

இருபது ஆண்டுகளாகப் பௌதிகம் படிப்பித்து வருகிற நான், ஓர் இரவு உணவு மேசையிலே, முகம் அறியாத ஒரு மனிதரை மோசடிக்காரர் என்று தீர்ப்புக் கூறினேன். மறுநாட் பொழுது புலர்வதற்கு முன்னரே, அது அவசரத் தீர்ப்பு என்பதை என் கையிலிருந்த எண்களே எனக்கு உணர்த்திவிட்டன. ஆசிரியன் ஒருவனுக்கு இது பெருமை தரும் கதையன்று. ஆயினும், பெற்றோர்க்கும் மாணவர்க்கும் இதனாற் சிறிது பயன் விளையக்கூடும் என்று கருதி எழுதுகின்றேன்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையிலே, கலிபோர்ணியாவிற் குடியிருக்கும் என் தமக்கையாரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். தமக்கையாரின் ஒரே மகன், அதாவது என் மருமகன், அப்பொழுது இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். மாலை வேளைகளில் ஒரு கடையிலே வேலை செய்து சேர்த்த பணத்தில், பழைய காராக வந்த 2013ஆம் ஆண்டு முஸ்டாங் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். நமது ஊர்களிலே சவாரி மாடு வளர்ப்பவர்கள் அந்த மாட்டின்மேல் எத்தகைய பற்று வைப்பார்களோ, அத்தகைய பற்று அவனுக்கு அந்தக் காரின்மேல்.

நான் போய்ச் சேர்வதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் காரின் எஞ்சினுக்கு வலுவேற்றும் வேலையை ஒரு கராஜில் முடித்திருந்தான். காற்று உட்செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாய்களும் மாற்றப்பட்டன. எரிபொருளையும் தீப்பொறியையும் ஆளுகின்ற சிறு கணினியின் கணக்குகளும் திருத்தப்பட்டன. செலவு 4,200 டொலர். பாதி அவனுடைய சேமிப்பு. பாதி அவன் தந்தையார், என் அத்தான், கடனாகக் கொடுத்தது. வேலை முடிந்ததும் கராஜ்காரர் வரைபடம் பதித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். அதன் உச்சியிலே 430 குதிரைவலு என்று இருந்தது. ஓராண்டுக்கு முன் வேறொரு கராஜில் அளந்தபோது வந்த எண் 370. ஆக, அறுபது குதிரைகள் புதிதாக வந்து பூட்டப்பட்டிருந்தன. அந்தத் தாளை அவன் கண்ணாடிச் சட்டமிட்டுத் தன் அறையில் மாட்டியிருந்தான்.

கால் மைல் ஓட்டம்

ட்ராக் ரேஸ் என்று அமெரிக்கர் கூறும் ஓட்டம் மிக எளிமையானது. வளைவு இல்லை, மேடு பள்ளம் இல்லை. 1,320 அடி நீளமான நேர்பாதையில், நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு மறுமுனையை அடைய வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட காலத்திலே, கலிபோர்ணியா இளைஞர்கள் தாமே திருத்தியமைத்த கார்களை வெறுமையான விமான ஓடுபாதைகளில் ஓட்டிப் பார்த்ததிலிருந்து இது வளர்ந்தது. 1950இல் சாந்தா ஆனா விமான நிலையத்தில் கட்டணம் வாங்கி நடத்தும் ஓட்டங்கள் தொடங்கின. 1951இல் வொலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹொட் ரொட் சங்கத்தை நிறுவி இவ்விளையாட்டை ஒழுங்குக்குள் கொண்டுவந்தார். 1963 முதல், மஞ்சளும் பச்சையும் சிவப்புமாக மேலிருந்து கீழே எரிகின்ற விளக்குத் தூண் புறப்படும் அடையாளமாயிற்று. அதனைக் கிறிஸ்மஸ் மரம் என்று அழைக்கின்றனர்.

நான் சென்ற அந்தச் சனிக்கிழமை பிற்பகல், யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தித் தத்தம் காரைச் சோதித்துப் பார்க்கக்கூடிய நாள். அத்தானும் நானும் தகரக் கூரையின் கீழே அமர்ந்திருந்தோம். வெயில் 34 பாகை. பாதையின் தொடக்கத்திலே டயர்கள் ஒட்டுவதற்கென்று பூசிய பசையின் நாற்றமும், கரியும் புகையும், காது செவிடுபடும் ஓசையும் சேர்ந்து ஒரு விசித்திர உலகமாக இருந்தது அது.

எங்கள் வீட்டுக் கார் கோட்டில் வந்து நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் வெண்புகை கக்கிக்கொண்டு சுழன்றன. காரோ சற்று நேரம் அந்த இடத்திலேயே தத்தளிப்பது போலத் தோன்றிப் பின்னரே பாய்ந்தது. திரும்பி வந்த மருமகன், மணிக்கூட்டு அறையிற் கொடுத்த சிறு துண்டை எங்களிடம் நீட்டினான். 13.4 செக்கன்.

அறுபது குதிரைகள் வருவதற்கு முன்பு, முந்திய நவம்பர் மாதத்தில் ஒரு குளிர்ந்த இரவிலே, அதே பாதையில் அதே கார் ஓடிய நேரம் 13.1 செக்கன். இப்போது 12.5 வரும் என்று அவன் நண்பர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

என் தீர்ப்பு

அத்தான் கணக்காளர். வீட்டுக்கு வந்து உணவுக்கு அமர்ந்ததும் சொன்னார்: "அறுபது குதிரையைக் காசு கொடுத்து வாங்கி, முந்தியதிலும் மெதுவாக ஓடுகிற கார் உலகத்திலே இது ஒன்றாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை காலை நானே அந்தக் கராஜுக்குப் போகிறேன். காசைத் திருப்பித் தராவிட்டால் கோட்டுக்குப் போவேன்."

மருமகன் தலை குனிந்திருந்தான். பணம் மாத்திரமன்று காரணம். அந்தக் கராஜ்காரரிடம் அவன் சனிக்கிழமைகளிலே சென்று தொழில் பழகினவன். அவரைக் குருவாக மதித்தவன். அவர் மோசடிக்காரர் என்றால், மனிதரை அறியவும் தெரியாதவன், இயந்திரத்தை அறியவும் தெரியாதவன் என்று அவன் தன்னையே எண்ணிக்கொள்ள வேண்டியிருக்கும்.

"மாஸ்டர், நீர் பௌதிகம் படிப்பிக்கிறவர்; நீரே சொல்லும்" என்றார் அத்தான்.

நான் கரும்பலகைக்கு முன் நிற்பவனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். "வலு என்பது ஒரு செக்கனில் செய்யப்படும் வேலை. வலு கூடினால் நேரம் குறைய வேண்டும். நேரம் குறையவில்லை. ஆகவே வலு கூடவில்லை. அந்தத் தாள் பொய்" என்றேன்.

"மாமா, வெளிக்கிடேக்குள்ள டயர் சுத்தினது. அதை நீங்கள் கணக்கிலே சேர்க்கேல்லையே?" என்று மெல்லிய குரலிலே கேட்டான்.

"அதெல்லாம் சின்ன விஷயம், தம்பி" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். அவன் எழுந்து சென்று, சட்டமிட்ட தாளைச் சுவரிலிருந்து கழற்றும் ஓசை எனக்குக் கேட்டது.

நள்ளிரவில்

நாடு மாறி வந்த உடம்புக்கு நள்ளிரவிலே விழிப்பு வந்துவிட்டது. சமையலறை மேசையில், பழைய துண்டும் புதிய துண்டும் கிடந்தன. பொழுது போகாமல் எடுத்துப் பார்த்தேன். அத்துண்டிலே மொத்த நேரம் மட்டும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியன்று: முதல் 60 அடிக்கு எடுத்த நேரம், இடைத்தூரங்களின் நேரம், இறுதி 66 அடியிலே காரின் கதி, யாவும் இருந்தன.

பழைய ஓட்டம்: 60 அடிக்கு 2.2 செக்கன், முழுத்தூரம் 13.1 செக்கன், இறுதிக் கதி மணிக்கு 109.5 மைல். புதிய ஓட்டம்: 60 அடிக்கு 2.5 செக்கன், முழுத்தூரம் 13.4 செக்கன், இறுதிக் கதி மணிக்கு 111 மைல்.

எனக்குத் திடுக்கென்றது. அதிக நேரம் எடுத்த கார் அதிக கதியோடு கோட்டைக் கடந்திருக்கிறது! வலு கூடாத கார் இதைச் செய்ய முடியாது. மேலும், இழந்த 0.3 செக்கன் முழுவதும் முதல் 60 அடிக்குள்ளேயே இழக்கப்பட்டிருந்தது. "சின்ன விஷயம்" என்று நான் ஒதுக்கியது அதுதான்.

ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டேன். காரின் வலு தொடக்கம் முதல் இறுதிவரை மாறாதது என்று கொண்டால், காரின் இயக்கசக்தி நேரத்தோடு ஒரே சீராக வளரும். அதிலிருந்து இரண்டு உண்மைகள் பிறக்கும். ஒன்று, இறுதிக் கதி எப்பொழுதும் சராசரிக் கதியின் ஒன்றரை மடங்காக இருக்கும். மற்றது, இறுதிக் கதியின் கனம், வலுவைத் திணிவால் வகுத்து வரும் எண்ணுக்கு நேர்விகிதசமமாக இருக்கும். அதாவது, கதியை நூற்றுக்கு 1 வீதம் உயர்த்த வேண்டுமானால் வலுவை நூற்றுக்கு 3 வீதம் உயர்த்த வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பன்று. ரொஜர் ஹண்டிங்டன் என்ற மோட்டார் எழுத்தாளர் இந்தக் கனமூல விதியை ஓட்டங்களின் பெறுபேறுகளைக் கொண்டே முன்னர் வகுத்திருந்தார். ஜெஃப்ரி ஃபொக்ஸ் என்னும் பௌதிக ஆசிரியர் 1973இல், அமெரிக்கப் பௌதிக ஆசிரியர்கள் படிக்கும் சஞ்சிகை ஒன்றிலே, அது ஏன் உண்மையாகின்றது என்று விளக்கினார்.

முதலாவது உண்மையை வைத்துப் பார்த்தேன். 13.4 செக்கனில் கால் மைல் என்றால் சராசரிக் கதி மணிக்கு 67 மைல். ஒன்றரை மடங்கு 101. காரோ 111இல் முடித்திருக்கிறது, 1.65 மடங்கு. பழைய ஓட்டத்தில் இது 1.59. இந்த எண் ஒன்றரைக்கு மேலே எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவு நேரம் தொடக்கத்தில் வீணாயிற்று என்பது பொருள்.

ஏன் வீணாகிறது? வலு என்பது விசையையும் கதியையும் பெருக்கி வருவது. ஆகவே கதி குறைவாக இருக்கும்போது, அதே வலு மிகப் பெரிய விசையாக வெளிப்பட வேண்டும். அந்த விசையைத் தரையிலே செலுத்துவது எஞ்சின் அன்று, டயர். டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு ஓர் எல்லைக்கு மேலே தாங்காது. ஓட்டுபவனோடு சேர்த்து அந்தக் காரின் எடை ஏறக்குறைய 3,800 இறாத்தல். காரின் எடையில் முக்காற் பங்கு விசையைப் பின்சக்கரங்கள் தாங்கும் என்று தாராளமாகக் கொண்டாலும், 400 குதிரைவலுவை முழுமையாகப் பயன்படுத்தக் கார் மணிக்கு 50 மைலுக்கு மேலே போயிருக்க வேண்டும். அதற்கு மூன்று செக்கனும் நூற்றிருபது அடியும் வேண்டும். அந்த மூன்று செக்கனும் குதிரைகளின் ஆட்சியன்று, டயரின் ஆட்சி. அப்போது எஞ்சினிலே குதிரைகளைக் கூட்டினால், அவை இழுப்பதற்குப் பதிலாகச் சக்கரத்தைச் சுழற்றிப் புகையெழுப்பும். என் மருமகன் கண்டது அதைத்தான்.

இரண்டாவது உண்மைப்படி, 109.5இலிருந்து 111க்கு உயர்ந்தது நூற்றுக்கு 1.4 வீதம்; ஆகவே வலு நூற்றுக்கு ஏறக்குறைய 4 வீதம் கூடியிருக்கிறது. ஆனால் பழைய ஓட்டம் 14 பாகைக் குளிரில். புதியது 34 பாகை வெயிலில். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எஞ்சின் அதில் குறைந்த ஒட்சிசனையே உறிஞ்சும். பொறியியலாளர் இதற்குக் கையாளும் சூத்திரப்படி அந்த வெயில் இன்னும் ஒரு 4 வீதத்தை விழுங்கியிருக்க வேண்டும். மெல்லிய காற்று காரின் எதிர்ப்பையும் சற்றுக் குறைக்கும் என்பதை நான் சேர்க்கவில்லை. இரண்டையும் கூட்டினால் 8 வீதம். 370இல் 8 வீதம் ஏறக்குறைய 30.

ஆக, அறுபது குதிரைகளில் முப்பது உண்மையிலேயே வந்திருந்தன. தாள் முழுப் பொய்யன்று, முழு மெய்யுமன்று. மற்ற முப்பதும் எங்கே?

விடிந்ததும் மருமகனை அழைத்து, கணக்கை அவன் முன் வைத்தேன். "டயரைப் பற்றி நீ சொன்னதுதான் சரி. நான் கேட்டிருக்க வேண்டும்" என்றேன். மாமன் மருமகனிடம் இப்படிச் சொல்வது நமது குடும்பங்களில் வழக்கமில்லை. அவனும் என்ன சொல்வதென்று அறியாமல், "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ, மாமா?" என்று கேட்டான்.

உருளையின் சாட்சி

திங்கட்கிழமை மூவருமாகக் கராஜுக்குச் சென்றோம். கோபத்தோடு வந்த அத்தானை, "முதலில் நான் கேட்கிறேன்" என்று தடுத்து வைத்திருந்தேன்.

வலுவை அளக்கும் டைனமோமீற்றர் என்னும் கருவியை அன்றுதான் முதன்முறையாக நேரிற் கண்டேன். குதிரைவலு என்ற அளவை வகுத்தவர் ஜேம்ஸ் வாட். ஒரு நிமிடத்தில் 33,000 அடி-இறாத்தல் வேலை ஒரு குதிரைவலு என்று அவர் நிர்ணயித்தார். அது நாம் இன்று வழங்கும் 746 உவாற்று. எஞ்சினின் சுழலும் தண்டைத் தடுப்பால் அழுத்திப் பிடித்து வலுவை அளக்கும் முறையை 1821இல் பிரான்சு நாட்டுப் புரோனி கண்டார். இந்தக் கராஜில் இருந்தது வேறு வகை. தரையிலே புதைத்த கனத்த இரும்பு உருளை. அதன்மேல் காரின் பின்சக்கரங்கள் நிற்கும். கார் அசையாதபடி வார்களால் இழுத்துக் கட்டி, ஒரே கியரில் முழு விசையோடு ஓட்டுவார்கள். உருளையின் சடத்துவத் திருப்பம் தெரிந்தது. அது எவ்வளவு விரைவாகக் கதி பெறுகிறது என்பதைக் கணினி அளந்து, வலுவைக் கணக்கிட்டுச் சொல்லும்.

அங்கே கார் ஓடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எதிர்க்காற்று இல்லை, முன்னால் ஒரு விசிறி மட்டுமே. புறப்படுதல் இல்லை, கியர் மாற்றுதல் இல்லை, டயர் வழுக்குவதில்லை. எஞ்சினின் சுழற்சி உச்சத்தை நெருங்கும் ஒரு கணத்திலே கிடைக்கும் வலுவையே பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். பாதையிலோ, ஒவ்வொரு கியர் மாற்றத்தின் பின்பும் எஞ்சின் அந்த உச்சத்திலிருந்து கீழே விழுந்து மறுபடியும் ஏற வேண்டும். ஆகவே ஓட்டத்துக்கு வேண்டியது உச்சியன்று. அதன் அடிவாரத்திலுள்ள விரிந்த நிலம். வரைபடம் அதையும் காட்டத்தான் செய்கிறது; ஆனால் சட்டமிட்டு மாட்டுபவர்கள் உச்சி எண்ணையே வாசிக்கிறார்கள்.

கராஜ்காரர் மறைக்காமல் யாவற்றையும் காட்டினார். வெப்பநிலையும் அமுக்கமும் நாளுக்கு நாள் மாறுவதால், அளந்த எண்ணை ஒரு பொது நிலைக்குத் திருத்த வேண்டும் என்றார். அந்தப் பொது நிலை எது என்று கேட்டேன். இரண்டு உண்டு என்றார். ஒன்று, அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் இன்று வழங்கும் 25 பாகை வெப்பநிலை. மற்றது அதே சங்கத்தின் பழைய முறை, அதைவிடக் குளிர்ந்த, அமுக்கம் கூடிய காற்றைக் கொண்டது. பழைய முறை நூற்றுக்கு ஏறக்குறைய 4 வீதம் அதிகமான எண்ணைத் தரும். எங்கள் தாள் பழைய முறையில் அச்சிட்டது. முதற் கராஜின் 370 புதிய முறையிலானது.

"இதே ஓட்டத்தைப் புதிய முறையில் அச்சிட முடியுமா?" என்று கேட்டேன். ஒரு பொத்தானை அழுத்தினார். 413. எஞ்சினை எவரும் தொடவில்லை; கார் கூட அங்கே இல்லை. பதினேழு குதிரைகள் ஒரு விரல் நுனியில் மறைந்தன.

மிச்சம் பதின்மூன்று. அதற்கு நான் கொண்ட விளக்கம், இரண்டு கராஜ்களின் கருவிகளும் வேறு வேறு என்பதே. டயரின் காற்று, வாரின் இறுக்கம், அன்றைய எஞ்சினின் சூடு, கருவியின் வகை ஆகிய ஒவ்வொன்றும் எண்ணைச் சிறிது அசைக்கும். வேலை தொடங்குமுன் தம்முடைய உருளையிலேயே ஒருமுறை அளந்திருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திராது. அதை அவர் செய்யவில்லை. "ஏன் பழைய முறையில் அச்சிட்டீர்கள்?" என்று அத்தான் கேட்டார். "வாடிக்கையாளர்கள் பெரிய எண்ணைத்தான் விரும்புகிறார்கள்" என்றார் கராஜ்காரர். அந்த விடை குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் இருந்தது. எங்கள்மேல் சுமத்தியதாகவும் இருந்தது. அத்தான் மேலே ஒன்றும் பேசவில்லை.

பழைய வழக்கு

இது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கன்று. 1971 வரையில் அமெரிக்க உற்பத்தியாளர்கள், விசிறி முதலிய துணைக்கருவிகளும் காரின் புகைக்குழாயும் இல்லாத வெற்று எஞ்சினை மேடையில் ஓட்டி வந்த எண்ணையே விளம்பரத்தில் வெளியிட்டார்கள். 1972 முதல், காரில் உள்ளவாறு எல்லாம் பூட்டிய எஞ்சினின் எண்ணைச் சொல்லத் தொடங்கியபோது, அதே எஞ்சின்களின் வலு ஒரே ஆண்டிலே பெரிதும் வீழ்ந்ததுபோலத் தோன்றிற்று.

எண்ணைக் குறைத்துச் சொன்னவர்களும் உண்டு. 1968இல் ஃபோர்ட் நிறுவனம் கோப்ரா ஜெட் என்ற எஞ்சினைக் கொண்ட முஸ்டாங் கார்களைப் பொமோனா ஓட்டத்துக்கு அனுப்பியது. அதன் வலு 335 என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தக் கார்களோ அந்த எண்ணுக்குச் சற்றும் பொருந்தாத விரைவோடு ஓடி, தம் பிரிவிலே வெற்றியும் பெற்றன. எடையைக் குதிரைவலுவால் வகுத்தே பந்தய வகுப்புகள் பிரிக்கப்பட்டமையால், குறைந்த எண் இலாபமாயிற்று. ஹொட் ரொட் சங்கமும் ஏமாளியன்று. உற்பத்தியாளர் சொல்லும் எண்ணை ஒருபுறம் வைத்துவிட்டு, பாதையிலே கார் ஓடும் விதத்தைப் பார்த்துத் தானே ஒரு வலுவை விதித்து வகுப்பை மாற்றும் உரிமையை அது தன் கையில் வைத்துக்கொண்டது. எஞ்சின் மேடையின் எண்ணைவிடக் கால் மைலின் சாட்சியையே அவர்கள் நம்பினார்கள்.

ஆனால் அந்தச் சாட்சியையும் முழுமையாக விசாரிக்க வேண்டும். நேரத்தை மட்டும் கேட்டால், டயரும் ஓட்டுபவனின் காலும் சேர்ந்து பேசும். வலுவைப் பற்றி அறிய விரும்புபவன் இறுதிக் கதியைக் கேட்க வேண்டும். எஞ்சினிலே செய்த ஒரு மாற்றம் பயன் தந்ததா என்று அறிய விரும்புபவன், ஒரே உருளையில், ஒரே நாளில், முன்னும் பின்னும் அளந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தைக் கேட்க வேண்டும். அந்த வித்தியாசத்திலே உருளை நேர்மையான சாட்சி. வேறு வேறு உருளைகளின் எண்களை ஒன்றோடொன்று பொருத்தினால், அல்லது உருளையின் எண்ணிலிருந்து கால் மைல் நேரத்தைக் கேட்டால், அதனால் விடை சொல்ல முடியாது.

நவம்பர்த் துண்டு

ஊருக்குத் திரும்புவதற்கு முதல்நாள், ஒரு காகிதத்தில் இவ்வாறு எழுதி அவர்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டினேன்: "குளிர்ந்த இரவில் ஓட்டினால் இறுதிக் கதி 112க்கும் 113க்கும் இடையில் வரும். 115 வராது. நேரம் டயரைப் பொறுத்தது." அறுபது குதிரைகளும் உண்மையாக இருந்தால் 115 வர வேண்டும், முப்பதானால் 112.5. என் கணக்குத் தவறினால் கராஜ்காரர் யோக்கியர் என்றோ, முழு மோசடிக்காரர் என்றோ தீரும். எப்படித் தீர்ந்தாலும் என் முதல் தீர்ப்பு, விசாரணை இல்லாத தீர்ப்பே.

நவம்பர் நடுப்பகுதியில், ஒரு காலை, பாடசாலைக்குப் புறப்படும் வேளையிலே, கைத்தொலைபேசியில் ஒரு படம் வந்தது. நேரம் பதித்த துண்டு. வெப்பநிலை 14 பாகை என்று மருமகன் அருகே எழுதியிருந்தான். பின்சக்கரங்களுக்கு மென்மையான ஓட்ட டயர் இரண்டு வாங்கி, காற்றைக் குறைத்து, கிளச்சை மெல்ல விட்டுப் புறப்பட்டிருக்கிறான். 60 அடிக்கு 1.9 செக்கன். முழுத்தூரம் 12.5 செக்கன். இறுதிக் கதி 112.5 மைல்.

அறுபது குதிரைகள் தரும் என்று அவன் எதிர்பார்த்த அதே 12.5 செக்கனை, முப்பது குதிரைகளும் இரண்டு டயர்களும் சேர்ந்து தந்துவிட்டன.

அதன் கீழே அத்தானின் செய்தி ஒன்றும் இருந்தது: "மாஸ்டர், உம்முடைய கணக்குச் சரி. ஆனால் டயருக்கும் என்னிடம்தான் கடன் வாங்கியிருக்கிறான்." மருமகன் சனிக்கிழமைகளில் மறுபடியும் அந்தக் கராஜுக்குப் போகத் தொடங்கியதாகத் தமக்கையார் பின்னர் சொன்னார். இப்பொழுது, கார் வந்தவுடன் முதலிலே ஒருமுறை அளந்து வைக்கும்படி அவனே முதலாளியிடம் வற்புறுத்துகிறானாம்.

அன்று காலை உயர்தர வகுப்பிலே, பல ஆண்டுகளாக நான் கொடுத்துவரும் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதினேன். "மாறா வலுவுடைய கார் ஒன்று ஓய்விலிருந்து புறப்படுகின்றது" என்று அது தொடங்கும். எழுதிக்கொண்டிருக்கையில் பழைய மாணவன் ஒருவன் நினைவு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன், பின்வாங்கிலிருந்து எழுந்து, "சேர், கதி பூச்சியமாக இருக்கும்போது விசை எவ்வளவு? முடிவிலி வருகிறதே?" என்று கேட்டவன் அவன். "பரீட்சைக்கு அது வேண்டாம், இரு" என்று சொல்லி அமர்த்திவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் அதன்பின் என் பாடத்திலே கேள்வி கேட்டதாக நினைவில்லை. அவன் கேட்டதும் என் மருமகன் உணவு மேசையில் கேட்டதும் ஒரே கேள்விதான்.

கரும்பலகையில் எழுதியதை அழித்துவிட்டு, கணக்கை இரண்டு பகுதிகளாக மறுபடியும் எழுதினேன். முதற்பகுதியில் டயரின் உராய்வு விசையைக் கொடுத்தேன். இரண்டாம் பகுதியில் எஞ்சினின் வலுவைக் கொடுத்தேன். எந்தக் கதியில் முதலாவது முடிந்து இரண்டாவது தொடங்குகிறது என்பதை அவர்களே காண வேண்டும். செய்து முடிக்க இரண்டு பாடவேளைகள் பிடித்தன. பரீட்சைக்கு அது வருமா என்று ஒருவன் கேட்டான். வராது என்றேன். ஆயினும் அன்று எவரும் புத்தகத்தை மூடவில்லை.